முதல் வரிசை டியூபுக்கு எந்தக் கோட்டிங்? ஒரு பயோமாஸ் பாய்லரின் நிகழ்வு ஆய்வு

மதுரையிலிருந்து கிழக்கே சிவகங்கை மாவட்டத்துக்குள் போனால் விறகையும் விவசாயக் கழிவையும் எரித்து மின்சாரம் எடுக்கிற ஆலைகள் சில இருக்கின்றன. அதில் ஒன்றில் கடைசிக் கட்ட சூப்பர்ஹீட்டர் டியூப்கள், அதாவது நீராவியை மேலும் சூடேற்றுகிற குழாய்கள், திரும்பத் திரும்ப ஓட்டையாகிக்கொண்டிருந்தன. ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை. இதே பிரச்சினை இதே மாதிரி விறகு எரிக்கிற எந்த ஆலையிலும் வரும், வந்துகொண்டும் இருக்கிறது. கம்ப்யூட்டர் மாடல் போட்டுக் கணக்குப் பார்க்கிற எங்களிடம் வேலை வந்தபோது கேள்வி பாதி முடிவாகியே வந்தது. மெயின்டனன்ஸ் மேனேஜர் போனில் சொன்னது இதுதான்: "மூணு கொட்டேஷன் கையில இருக்கு தம்பி. எந்தக் கோட்டிங் அதிக நாள் தாங்கும்னு கம்ப்யூட்டர்ல போட்டுச் சொல்லிருங்க, பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுரலாம்."

கொட்டேஷன்கள் மூன்றும் மூன்று திசை. ஒன்று, பாதி நிக்கல் பாதி குரோமியம் கலந்த பொடியை அதிவேகச் சுவாலையில் வீசி அடிக்கிற எச்.வி.ஓ.எஃப் ஸ்ப்ரே, 300 மைக்ரான் தடிமன் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). இரண்டாவது, டியூபை அலுமினியப் பொடிக் கலவைக்குள் புதைத்துச் சூடேற்றி, அலுமினியத்தை எஃகுக்குள்ளேயே ஊறவைக்கிற டிஃப்யூஷன் கோட்டிங். மூன்றாவது, கம்பியை மின்வில்லில் உருக்கித் தெளிக்கிற ஆர்க் ஸ்ப்ரே, விலை மற்ற இரண்டைவிட நன்றாகக் குறைவு. இந்த மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டு "ஆயுள்: இத்தனை வருடம்" என்று எழுதிக் கொடுப்பது கஷ்டமே இல்லை, அப்படி எழுதிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கோட்டிங் எந்த வழியில் சாகப்போகிறது என்பது தெரியாமல் அது எத்தனை வருடம் இருக்கும் என்று கணக்குப் போட்டால், தசம புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் வரும், அவ்வளவுதான். எங்கள் வேலையின் முக்கால்வாசி அந்தச் சாகிற வழியைத் தேடியதுதான்.

பாய்லரும் விறகும்

பாய்லர் சுமார் 10 மெகாவாட் அளவுக்கானது, ட்ராவலிங் கிரேட் (விறகு எரிகிற, நகரும் தட்டு), 65 பார் அழுத்தம், நீராவி வெளியேறும் வெப்பநிலை 485 டிகிரி. (எல்லா டிகிரியும் செல்சியஸ்தான், ஒவ்வொரு இடத்திலும் சொல்லப்போவதில்லை.) கடைசிக் கட்ட சூப்பர்ஹீட்டர் டியூப் டி22, அதாவது 2.25 சதவீத குரோமியமும் 1 சதவீத மாலிப்டினமும் கலந்த எஃகு, சுவர் 4 மில்லிமீட்டர். நிலக்கரி பாய்லருக்கு இது நல்ல, பழகிப்போன எஃகு. திருச்சி பெல் (பி.எச்.இ.எல்) பாய்லர் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேட்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு வெல்ட் செய்வார்கள்.

ஆலை தொடங்கியபோது எரிபொருள் ஏறக்குறைய முழுக்க சீமைக்கருவேலம். கண்மாய், புறம்போக்கு, தரிசு எங்கே பார்த்தாலும் அதுதான். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது, வெட்டின மரம் வந்து குவிந்தது என்கிறார்கள். அப்புறம் நிலைமை மாறியது. கரி மூட்டம் போடுகிறவர்களும் மற்ற ஆலைகளும் போட்டிக்கு வர, விறகு விலை ஏற, பர்ச்சேஸ் பிரிவு கிடைத்ததையெல்லாம் வாங்க ஆரம்பித்தது: கரும்புத் தோகை, நெல் உமி, சோழவந்தான் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து தென்னை மட்டை, நார்க் கழிவு. பாய்லர் ஆபரேட்டர் ஒருவர் இதைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் எங்களுக்குப் பாதி ஆய்வறிக்கைக்குச் சமம்: "மட்டை வர ஆரம்பிச்ச பெறகுதான் சார் சாம்பல் கல்லு மாதிரி டியூப்ல உக்காருது. முன்னாடி சூட் ப்ளோயர் அடிச்சாப் பொலபொலன்னு விழும்."

சூட் ப்ளோயர் என்பது டியூப் மேல் படிகிற சாம்பலை ஊதித் தள்ளுகிற கருவி. அவர் கண்ணில் பட்டது பொட்டாசியமும் குளோரினும். மரத்தின் அடித்தண்டில் இவை குறைவு. இலை, தோகை, மட்டை, நார் மாதிரி சீக்கிரம் வளர்கிற பாகங்களில் அதிகம். நார்க் கழிவில் உப்பு இருக்கிறது என்பது நர்சரி வைத்திருப்பவர்களுக்கே தெரியும், கழுவாமல் செடிக்குப் போட மாட்டார்கள். அந்தக் கழுவாத சரக்கு அப்படியே கிரேட்டில் போய் விழுந்தால், தீயில் பொட்டாசியம் குளோரைடு ஆவியாகி, வாயுவோடு மேலே போய், வழியில் முதலில் எதிர்ப்படும் குளிர்ந்த பரப்பில் படிகிறது. "குளிர்ந்த" என்றால் 500 சொச்சம் டிகிரி. உலைக்கு அது குளிர்ச்சிதான். முதலில் எதிர்ப்படுவது கடைசிக் கட்ட சூப்பர்ஹீட்டரின் முன்வரிசை, ஓட்டையாகிற இடமும் அதே வரிசையின் கீழ் வளைவுகள்.

ரிஜிஸ்டரில் இருந்த நேர்கோடு

மாடல் எதுவும் எழுதுவதற்கு முன்னால் கேட்டு வாங்கியது பழைய தடிமன் ரிஜிஸ்டர். வருடாந்திர பாய்லர் இன்ஸ்பெக்ஷனுக்காக ஒவ்வொரு ஷட்டவுனிலும் அல்ட்ராசானிக் கருவியால் சுவர்த் தடிமன் எடுத்து எழுதிவைத்திருந்தார்கள். கையெழுத்து மோசம், ஆனால் இடம் குறித்திருந்தது, அது போதும்.

எஃகு காற்றில் சூடாக இருக்கும்போது ஆக்சைடு தோல் வளரும், அந்தத் தோலே மேற்கொண்டு வருகிற ஆக்சிஜனுக்குத் தடை. அதனால் தோல் தடிக்கத் தடிக்க வளர்ச்சி மந்தமாகும்: தடிமனின் வர்க்கம் நேரத்துக்கு விகிதம். கார்ல் வாக்னர் 1933-இல் இதற்கு அயனிகளின் நகர்வை வைத்து விளக்கம் கொடுத்தார், இன்றைக்கும் இந்தத் துறையின் அடித்தளம் அதுதான். அந்தக் கணக்குப்படி முதல் வருடம் 50 மைக்ரான் போனால், நாலு வருடத்தில் 100 மைக்ரான்தான் போக வேண்டும். இங்கே ரிஜிஸ்டர் காட்டியது வேறு. முன்வரிசையில் சுவர் இரண்டு வருடத்தில் ஏறத்தாழ பாதியாகியிருந்தது, அதுவும் மந்தமாகாமல், நேர்கோட்டில். 2 மில்லிமீட்டரை 16,000 மணி நேரத்தால் வகுத்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு மைக்ரான், அதாவது ஒரு ஷிப்டுக்கு ஒரு மைக்ரான். நேர்கோடு என்றால் தோல் இருக்கிறது, ஆனால் தடுக்கவில்லை. சாதாரண ஆக்சிஜனேற்றத்தை மாடல் செய்து பிரயோஜனம் இல்லை என்பது எக்செல்லில் ஒரு கிராஃப் போட்டதுமே தெரிந்துவிட்டது.

டியூப் தோலில் எத்தனை டிகிரி?

கண்ட்ரோல் ரூமில் கேட்டால் 485 என்பார்கள். அது ஹெடரில், அதாவது எல்லா டியூபும் வந்து சேர்கிற பெரிய குழாயில், கலந்த நீராவியின் வெப்பநிலை. அரிப்பு நடப்பது டியூபின் வெளித்தோலில், அங்கே தெர்மோகப்பிள் கிடையாது. அடுக்கடுக்காகக் கூட்ட வேண்டும்.

எல்லா டியூபிலும் ஓட்டம் சமமாக இருக்காது, மோசமான டியூபுக்கு 15 டிகிரி கூட்டினோம். நீராவிக்கும் உள்சுவருக்கும் இடையே வெப்பக் கடத்தல் கெழு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் 1,800 வாட் என்று எடுத்தோம். பின்வரிசையில் வெப்பப் பாய்வு சதுர மீட்டருக்கு 40 கிலோவாட் என்றால் அந்த இடத்தில் 22 டிகிரி ஏற்றம். உள்ளே 0.2 மில்லிமீட்டர் மாக்னடைட் (இரும்பு ஆக்சைடு) படிந்திருப்பதாக வைத்தால் இன்னும் 8. 4 மில்லிமீட்டர் எஃகுச் சுவருக்கு 5 கூட இல்லை. மொத்தம் 535. முன்வரிசை உலையின் தணலை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அங்கே பாய்வை 70 கிலோவாட் என்று வைத்தால் அதே கூட்டல் 561 ஆகிறது. உள்ளீடுகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊசலாட்டம் உண்டு, அதை ஒளிக்கவில்லை, ஒரு எல்லைக்குள் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். இரண்டு வரிசைக்கும் நடுவே இருபது முப்பது டிகிரி வித்தியாசம் மட்டும் எப்படி ஓட்டினாலும் போகவில்லை.

இதில் ஒரு சின்ன விஷயம். "கோட்டிங் போட்டா வெப்பம் உள்ள போறது குறையுமே, ஜெனரேஷன் அடி வாங்காதா?" என்று மேனேஜர் கவலைப்பட்டார். 300 மைக்ரான் உலோகக் கோட்டிங்குக்கு வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 10 வாட் என்று குறைத்தே எடுத்தாலும் 70 கிலோவாட்டில் அதன் குறுக்கே விழுவது 2 டிகிரி. டியூப் மேல் உட்கார்ந்திருக்கிற சில மில்லிமீட்டர் சாம்பலோடு ஒப்பிட்டால் இது கணக்கிலேயே வராது. அந்தக் கவலையை அன்றைக்கே மூடிவிட்டோம்.

வெப்பநிலைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட்டோம் என்றால், அடுத்த கட்டத்தில் வருகிற எல்லாமே அதைப் பிடித்துத்தான் தொங்குகிறது.

எல்லாரும் எழுதுகிற மாடல், இங்கே வேலைக்கு ஆகாத மாடல்

உயர்வெப்பக் கோட்டிங் என்று தேடினால் வந்து குவிகிற மாடல்கள் பெரும்பாலும் கேஸ் டர்பைன் பிளேடுக்கானவை. அங்கே 1,000 டிகிரியை ஒட்டி வேலை. கோட்டிங்கில் இருக்கிற அலுமினியம் ஒரு பக்கம் ஆக்சைடு தோலாகச் செலவாகும், இன்னொரு பக்கம் அடியில் இருக்கிற உலோகத்துக்குள் ஊறிப் போய்விடும், ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் அலுமினா தோல் மறுபடி உருவாக முடியாமல் கோட்டிங் சாகும். அழகான கணக்கு. பொருள் ஊறிப் பரவுவதைச் சொல்கிற ஃபிக்கின் இரண்டாம் விதியை ஒரு பரிமாணத்தில் எழுதி, தடிமனை ஒரு மைக்ரான் துண்டுகளாக வெட்டி, காலத்தைத் துண்டு துண்டாக நகர்த்தினால் போதும். எங்களோடு இருந்த தம்பி, இப்போதுதான் எம்.இ. முடித்தவர், ஆர்வத்தில் இதைப் பைத்தானில் எழுதியே கொண்டுவந்துவிட்டார்.

ஓட்டிப் பார்த்தால் திரையில் ஒன்றுமே நகரவில்லை. பிழை இல்லை, விடையே அதுதான். இரும்புக்குள் அலுமினியம் ஊறுவதற்கான ஆக்டிவேஷன் எனர்ஜி (அணு இடம் மாறத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 250 கிலோஜூலை ஒட்டி. 560 டிகிரியில் டிஃப்யூஷன் கெழு, அதாவது ஊறுகிற வேகத்தின் அளவு, நொடிக்கு 2×10⁻¹⁹ சதுர மீட்டர் அளவில் வருகிறது. 40,000 மணி நேரத்துக்கு, அதாவது ஆலை கணக்கில் ஐந்து வருடத்துக்கு, அலுமினியம் உள்ளே நகர்கிற தூரம் ஐந்தாறு மைக்ரான். அதே கணக்கை 650 டிகிரியில் போட்டால் 30 மைக்ரான், 750-இல் 140-க்கு மேல். இப்படிப்பட்ட கணக்கில் காலத் துண்டு பெரிதாகிவிட்டால் விடை தாறுமாறாகத் துள்ளும் என்று ஒரு எல்லை உண்டு, அந்த எல்லையே இங்கே கிட்டத்தட்ட ஒரு மாதம்! ஒரு மாதத்தை ஒரே தாவலில் தாண்டலாம், அவ்வளவு மெதுவாக எல்லாம் நடக்கிறது.

ஆக 560 டிகிரியில் கோட்டிங் உள்பக்கமாக அலுமினியத்தை இழந்து சாகாது. டர்பைன் ஆட்கள் எழுதிய ஆயுள் சூத்திரத்தை எடுத்து இங்கே போட்டிருந்தால் "நூறு வருடம் தாங்கும்" என்று வந்திருக்கும், யாராவது அதை நம்பியும் இருப்பார்கள். அதே மந்தத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. கோட்டிங்கில் ஒரு கீறல் விழுந்தால் அதை மூட உள்ளேயிருந்து அலுமினியம் ஓடி வரவேண்டும், இந்த வெப்பத்தில் அது வராது. டர்பைனில் தானாக ஆறுகிற காயம் பாய்லரில் ஆறாது. இதற்குப் பிறகுதான் கீறல், துளை, விளிம்பு இவற்றின் பக்கம் முழுக் கவனமும் போனது.

குளோரின் செய்கிற வேலை

டி22 மாதிரி எஃகில் நடப்பது ஒரு சுழற்சி. படிவில் இருக்கிற குளோரைடிலிருந்து குளோரின் வெளிவந்து, ஆக்சைடு தோலின் வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கி, ஆக்சிஜன் குறைவாக இருக்கிற உலோக எல்லையில் இரும்போடு சேர்ந்து ஃபெரஸ் குளோரைடு ஆகிறது. அது ஆவியாகி வெளியே வரும், வழியில் ஆக்சிஜனைச் சந்தித்ததும் இரும்பு ஆக்சைடாக மாறிவிடும், குளோரின் விடுதலையாகி மறுபடி உள்ளே போகும். குளோரின் செலவே ஆவதில்லை, கொஞ்சம் இருந்தாலும் போதும். இப்படி வெளியே உருவாகிற ஆக்சைடு இறுக்கமாக இருக்காது, அடுக்கடுக்காக உரிந்து வரும். வெட்டி எடுத்த டியூபில் பார்த்தது இதேதான், விரலால் நெம்பினாலே தகடு தகடாக வந்தது. இது போதாதென்று, பொட்டாசியம் குளோரைடு தனியாக 770 டிகிரியில்தான் உருகும் என்றாலும் ஃபெரஸ் குளோரைடோடு கலந்தால் 400-க்குக் கீழேயே உருகிவிடும். படிவுக்கு அடியில் ஈரம் இருந்தது என்று ஆபரேட்டர்கள் சொன்னால் சிரிக்கக் கூடாது.

இங்கே துறையில் பயன்படுத்துகிற ஒரு எல்லைக்கோடு ரொம்ப உதவியது: ஒரு உலோகக் குளோரைடின் ஆவி அழுத்தம் ஒரு பாரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தொடுகிற வெப்பநிலை. அதற்கு மேலே ஆவியாகி ஓடுவது கணிசமாகிறது என்று கொள்வார்கள். ஃபெரஸ் குளோரைடுக்கு அது 536 டிகிரி. நிக்கல் குளோரைடுக்கு 607. குரோமியத்தின் இரட்டைக் குளோரைடுக்கு 741. இப்போது மேலே கூட்டிய எண்களைப் பாருங்கள்: பின்வரிசை 535, முன்வரிசை 561. ஒரே கூட்டுக்குள், ஒரே எஃகில், ஒரே விறகில் ஒரு வரிசை கரைகிறது, இன்னொன்று தப்பிக்கிறது. 536 ஒன்றும் சுவிட்ச் இல்லை, அந்த எண்ணில் எதுவும் சட்டென்று தொடங்கிவிடாது, ஆவி அழுத்தம் படிப்படியாகத்தான் ஏறும். ஆனால் 535-இலிருந்து 561-க்குப் போனால் அது இரண்டு மூன்று மடங்காகிறது, ரிஜிஸ்டரில் இரு வரிசைகளுக்கும் இருந்த வித்தியாசம் அதோடு ஒத்துப்போனது.

நிக்கல் சார்ந்த கோட்டிங் ஏன் இந்த வேலைக்கு நல்லது என்பதும் இதே வரியில் இருக்கிறது. குரோமியம் விஷயம் கொஞ்சம் சிக்கல். அதன் குளோரைடு ஆவியாவது கஷ்டம், சரி. ஆனால் மேலே இருக்கிற குரோமியம் ஆக்சைடுத் தோலைப் பொட்டாசியம் குளோரைடு நேரடியாகத் தின்று பொட்டாசியம் குரோமேட் ஆக்குகிறது, அப்போது குளோரினும் வெளியாகிறது. "குரோமியம் அதிகமானால் பாதுகாப்பு அதிகம்" என்கிற வாதம் உப்பு இல்லாத புகைக்குத்தான் முழுதாகச் செல்லும். இதில் இன்னொன்று, கோட்டிங் போட்டவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்: ஷட்டவுனில் டியூபைக் கழுவும்போது மஞ்சள் தண்ணீர் ஓடினால் அது ஆறிணைதிறக் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் வகை. கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கையுறையும் மாஸ்க்கும் கொடுக்கச் சொல்லி அறிக்கையில் தனிப் பத்தியாக எழுதினோம்.

அலுமினியம் கதை இன்னும் கறாரானது. அலுமினியம் குளோரைடு 76 டிகிரியிலேயே அந்த ஆவி அழுத்தத்தைத் தொட்டுவிடும். மேலே அலுமினா தோல் முழுசாக இருக்கிற வரைக்கும் ராஜா, தோலில் ஓட்டை விழுந்தால் அடியில் இருக்கிற அலுமினியம் முதல் பலி. போதாக்குறைக்கு ஊறவைத்த கோட்டிங்கின் மேல்பகுதி அலுமினியம் மிகுந்த, பொரபொரவென்று உடைகிற சேர்மம். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் நிற்கிற பாய்லராக இருந்தால் அதற்கு நான் ஓட்டுப் போட்டிருப்பேன்.

தடிமன் அல்ல, துளை

ஆர்க் ஸ்ப்ரே தரப்பு சொன்ன வாதம்: "அவங்க 300 மைக்ரான் போடுறாங்க, நாங்க 500 போடுறோம், விலையும் கம்மி." கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்கு இப்படி. கோட்டிங்குக்குள் துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்து அடிவரை போகிறது என்று வையுங்கள். அந்தச் சந்து வழியாக வாயு போவதற்கான டிஃப்யூஷன் கெழுவை எவ்வளவோ குறைத்து நொடிக்கு 10⁻⁸ சதுர மீட்டர் என்று எடுத்தாலும் 300 மைக்ரானைக் கடக்க ஐந்து நொடி ஆகாது. 500 மைக்ரானுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நொடி. மறுபக்கம், துளைகள் தொடரவில்லை என்றால் வாயு திட உலோகத்துக்குள்ளேயே ஊற வேண்டும், வருடத்துக்கு ஒரு மைக்ரான் கணக்கு, 300 மைக்ரானே தேவைக்கு மேல். இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. தடிமன் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகிறது, துளைகள் தொடர்கின்றனவா இல்லையா என்பதே எல்லாம். எச்.வி.ஓ.எஃப் நன்றாகச் செய்தால் துளை ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் அடங்கும், ஆர்க் ஸ்ப்ரேயில் அதைவிடப் பல மடங்கு. மாதிரித் துண்டை வெட்டி மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிகிற விஷயம் இது. கொட்டேஷனோடு ஒரு குறுக்குவெட்டுப் படம் கேட்டோம், ஒருவர்தான் அனுப்பினார்.

அடுத்தது வெடிப்பு. டி22-க்கு வெப்ப விரிவு டிகிரிக்கு 14×10⁻⁶ சுற்றி, நிக்கல்-குரோமியம் அதைவிட ஒரு அலகு குறைவு என்று எடுத்தோம். ஸ்ப்ரே செய்யும்போது டியூப் 150 டிகிரியில் இருந்து, ஓட்டத்தில் 560-க்குப் போகிறது என்றால், அடியில் டியூப் அதிகமாக விரிந்து கோட்டிங்கை இழுக்கும். யங் குணகம் (விறைப்பின் அளவு) 150 கிகாபாஸ்கல் என்று வைத்தால் இழுவிசை 90 மெகாபாஸ்கல் அளவு, ஒழுங்கான கோட்டிங் தாங்கும். இதை எழுதக் காரணம், நடுவில் ஆலைக்கு வந்த ஒரு ஆலோசகர் "டியூபையே 347 ஸ்டெயின்லஸ் ஆக்கி அதுக்கு மேல கோட்டிங்கும் போட்டா டபுள் பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஸ்டெயின்லஸ் 18×10⁻⁶ விரியும். வித்தியாசம் ஐந்து மடங்கு, இழுவிசை 440 மெகாபாஸ்கல். கோட்டிங் முதல் ஸ்டார்ட்டப்பிலேயே கட்டம் கட்டமாக வெடிக்கும். இரட்டைப் பாதுகாப்பு இரட்டைச் செலவாகத்தான் முடிந்திருக்கும்.

நம் பக்கத்து ஆலைகளில் இந்த ஸ்டார்ட்-ஸ்டாப் எண்ணிக்கைதான் வில்லன். விறகு வரவில்லை என்றால் நிற்கும், நனைந்த விறகு வந்தால் நிற்கும், லைன் ட்ரிப் ஆனாலும் நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் நின்றால் இன்னொரு கேடு: குளிர்ந்த டியூபின் மேல் இருக்கிற உப்புப் படிவு மழைக்காலத்து ஈரத்தை இழுத்து, சாதாரண ஈர அரிப்பும் சேர்ந்துகொள்ளும். 1948-இல் தொடங்கிய காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்தில் இருப்பதால் இந்த ஈர அரிப்பைப் பற்றிப் பேச இங்கே ஆள் கிடைக்கும், சூட்டு அரிப்புக்கு ஆள் குறைவு. இந்தப் பாய்லருக்கு இரண்டும் ஒன்றாகத் தேவைப்பட்டது.

என்ன முடிவெடுத்தார்கள்

அறிக்கையில் கோட்டிங்கை மூன்றாவதாகத்தான் வைத்தோம். மேனேஜருக்கு முதலில் அது பிடிக்கவில்லை, "கோட்டிங்குக்குத்தான தம்பி உங்களக் கூப்பிட்டது" என்றார். நியாயம்தான்.

முதல் பரிந்துரை நீராவி வெப்பநிலையை 485-இலிருந்து 470-க்கு இறக்குவது. பின்வரிசை 520-க்கு வந்துவிடும், முன்வரிசை 546-க்கு. யூனிட் கொஞ்சம் குறையும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்க முடியாது. டென்மார்க்கில் என்ஸ்டெட் ஆலையில் வைக்கோல் எரிக்கிற பாய்லரை 470 டிகிரியோடு நிறுத்தி, அந்த நீராவியை மரச்சில்லு எரிக்கிற தனிப் பகுதிக்குக் கொண்டுபோய்த்தான் 542-க்கு ஏற்றினார்கள். உப்பு அதிகமான எரிபொருளைச் சூடான டியூபுக்குப் பக்கத்திலேயே விடவில்லை. நம் ஆலையில் இரண்டு உலை கட்ட முடியாது, ஆனால் யோசனை அதேதான்.

இரண்டாவது விறகு யார்டில் செய்ய வேண்டியது. நார்க் கழிவையும் மட்டையையும் ஒரே நாளில் கொட்டாமல் கருவேல விறகோடு கலந்து போடுவது, மழையில் கழுவப்பட்ட பழைய தோகையை முன்னால் எடுப்பது. கந்தகம் உள்ள எதையாவது கொஞ்சம் சேர்த்தால் பொட்டாசியம் குளோரைடு சல்ஃபேட்டாக மாறி, குளோரின் படிவுக்கு வராமல் ஹைட்ரஜன் குளோரைடாகப் புகையோடு போய்விடும். கயோலின் களிமண்ணும் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும். உமி கலந்தால் பொட்டாசியத்துக்கு ஓரளவு நல்லது, ஆனால் உமிச் சாம்பல் பெரும்பகுதி சிலிக்கா, டியூபை உராய்ந்து தேய்க்கும், சூட் ப்ளோயர் பாதையில் இருக்கிற டியூப்களுக்கு அது தனித் தலைவலி.

மூன்றாவது கோட்டிங். முன்வரிசைக்கு மட்டும் எச்.வி.ஓ.எஃப் நிக்கல்-குரோமியம், கீழ் வளைவுகளுக்கு ஸ்ப்ரே இல்லை, 625 அலாய் வெல்ட் ஓவர்லே, அதாவது நிக்கல் கலவையை வெல்டிங்கில் உருக்கி மேலே ஒட்டுகிற அடுக்கு. குப்பை எரிக்கிற பாய்லர்களில் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். விலை அதிகம், ஆனால் உருகி ஒட்டிய உலோகத்தில் தொடர்துளை என்கிற பிரச்சினையே இல்லை. பின்வரிசைகளுக்கு ஒன்றும் வேண்டாம். மொத்தக் கூட்டுக்கும் ஆர்க் ஸ்ப்ரே போடுவதைவிட இது கொஞ்சம் குறைவாகவே வந்தது, பர்ச்சேஸ் பிரிவுக்கு அந்த ஒரு வரி போதுமாயிருந்தது.

இதோடு ஒரு எச்சரிக்கையும் எழுதினோம்: எங்கள் கணக்கு எல்லாம் ஒரு பரிமாணம், அதில் கோட்டிங்குக்கு விளிம்பு கிடையாது, நிஜத்தில் உண்டு. சைட்டில் வெல்ட் செய்ய வேண்டிய இடத்தில் ஸ்ப்ரே செய்கிறவர்கள் டியூபின் முனையை வெறுமையாக விடுவார்கள், வெல்ட் முடிந்த பிறகு அந்தப் பட்டையை யாராவது வந்து மூடியாக வேண்டும். அதற்கு ஒப்பந்தத்தில் தனி வரி போடச் சொன்னோம், போட்டார்கள், செய்யவில்லை. அடுத்த ஷட்டவுனில் திறந்து பார்த்தபோது ஸ்ப்ரே செய்த நீளம் கரிந்திருந்தாலும் முழுசாக இருந்தது, வளைவில் ஓவர்லே அப்படியே இருந்தது, வெல்டை ஒட்டிய அந்தப் பட்டையில் சுவர் பழைய வேகத்திலேயே இறங்கியிருந்தது, விளிம்பில் கோட்டிங் அடியிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தது. பட்டையை இப்போது கையால் ஓவர்லே செய்து மூடியிருக்கிறார்கள், ஒப்பந்தக்காரரின் பில்லில் அந்தத் தொகை பிடிக்கப்பட்டது.

470 டிகிரி மட்டும் இன்னும் இழுபறி. பகலில் பிடிக்கிறார்கள், லோடு கேட்டால் ராத்திரி ஷிப்டில் 480-க்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள், ட்ரெண்டில் அப்பட்டமாகத் தெரிகிறது. அந்த மணி நேரங்களை மட்டும் வெப்பநிலைவாரியாகப் பிரித்து மாதாமாதம் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். அடுத்த ஷட்டவுன் தடிமன் அளவுகள் வந்ததும் மாடலில் ஓட்டப்போவது அந்த அட்டவணையை வைத்துத்தான்.